ஏழு வீட்டு ஃபினோலா

ஃபினோலா மேனியனை அவள் குடும்பப் பெயர் சொல்லிக் கொரக்லாஸ் கிராமத்தில் யாரும் கூப்பிட்டதில்லை. 1832-ஆம் வருஷம் ஜூன் மாதத்துக்குப் பிறகு அவள் வெறும் ‘ஏழு வீட்டு ஃபினோலா’. புகழ்ச்சியாகத்தான் சொன்னார்கள். அவள் நெருப்புக் கொண்டுபோய்க் கொடுத்த ஏழு வீட்டிலும் அந்தக் கோடையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் அவள் முகம் சுண்டிப்போகும். ஏன் என்று ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். பழைய ஆட்கள் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களும் அன்றைக்கு ஓடியவர்கள்தானே.

சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள் அவள். பிறவியிலேயே அப்படி. அடுப்பில் பாலை வைத்து “பொங்கறவரைக்கும் நகராத” என்று அம்மா சொல்லிவிட்டுப் போனால், கொல்லையில் மாடு கன்று போட்டால்கூட நகரமாட்டாள். தவக்காலத்தில் பால், முட்டை கூடாது என்றால், மாட்டைக் கறந்த கையைக்கூடத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உருளைக்கிழங்கைத் தொடுவாள். இப்படிப்பட்டவர்களை ஊருக்கு ரொம்பப் பிடிக்கும். கூட இருந்து குடித்தனம் செய்கிறவர்களுக்குத்தான் தெரியும் கஷ்டம். அவள் புருஷன் ஃபெஸ்டி அதைச் சிரித்தே சமாளித்தான்.

அக்கா ஊனா இரண்டு வயது மூத்தவள், நேர் எதிர். ஊனாவின் அடுப்பில் எது வைத்தாலும் தீயும். சதுப்புக்குப் போகும் பாதையும் சந்தைக்குப் போகும் சாலையும் சேருகிற முனையில் அவள் குடிசை. அரைக்கதவின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைப்பதுதான் அவள் உத்தியோகம். கூப்பிட்டவர்களிடம் வேலையும் வாங்கிவிடுவாள். “போறதுதான் போற, அந்த வாளியில கொஞ்சம் தண்ணி மொண்டு வச்சுட்டுப் போயேன், ராசாத்தி.” கிணறு அவள் வாசலிலிருந்து முப்பது அடி. யாரும் மறுத்ததில்லை. அவள் பேச்சைக் கேட்கிறதற்காகவே ஜனங்கள் தண்ணீர் மொண்டார்கள்.

ஃபினோலாவுக்கு மட்டும் எரிச்சல் வரும்.

“உனக்குக் கை இல்லையா அக்கா?”

“இருக்குடி. கதவைத் தாங்கிக்கிட்டு இருக்கே, பாக்கலையா? நான் கைய எடுத்தா கதவு விழுந்துரும்.”

ஊனாவுக்குக் குழந்தை இல்லை. புருஷன் மைலர் கெரிகன் ஒவ்வொரு கோடையிலும் கதிர் அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு இங்கிலாந்துக்கு அறுவடைக் கூலிக்குப் போய்விடுவார். எங்கள் ரோஸ்காமன் பக்கத்து ஆண்களில் பாதிப்பேர் அப்படித்தான். பழைய கிழங்கு தீர்ந்து புதுக் கிழங்கு வெட்டுவதற்கு முந்திய பசி மாதங்களில், அங்கே போய் அவர்கள் கோதுமையை அறுத்தால்தான் இங்கே குத்தகை கட்ட முடியும். அந்த வருஷமும் மே மாதக் கடைசியில் மைலர் போனார். போகும்போது ஃபினோலாவிடம் ஒரு வார்த்தை சொன்னார்: “உங்க அக்காவப் பாத்துக்க. அவளுக்குத் தன்னப் பாத்துக்கத் தெரியாது.”

“நீங்க கவலப்படாமப் போங்க அத்தான்” என்றாள் ஃபினோலா.

அந்த வருஷம் எப்படிப்பட்ட வருஷம் என்றால், எல்லோரும் எதற்காவது பயந்துகொண்டிருந்த வருஷம். நாம் கும்பிடாத புராட்டஸ்டண்டுக் கோயிலின் பாதிரிக்கு நம் வயலிலிருந்து பத்தில் ஒரு பங்கு கொடு என்று சர்க்கார் போலீஸை அனுப்பியது. ஜனங்கள் ஜப்திக்கு அகப்படாதபடி மாடுகளை மலைக்கு ஓட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். போலீஸ்காரன் ஜனங்களுக்குப் பயந்தான், ஜனங்கள் போலீஸுக்குப் பயந்தார்கள். இது போதாதென்று கடல் தாண்டி வந்தது காலரா. டப்ளினில் வண்டி வண்டியாகப் பிணம் போகிறது என்றார்கள். காலையில் கிழங்கு தின்றவன் மாலையில் நீலம் பாரித்துக் கிடக்கிறான் என்றார்கள். டாக்டர்கள்தான் விஷம் வைக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். ஃபினோலாவுக்கு மூன்று குழந்தைகள், மூத்ததற்கு ஐந்து வயது. ஒவ்வொன்றின் நாக்கையும் காலையிலும் மாலையிலும் நீட்டச்சொல்லிப் பார்ப்பாள்.

ஜூன் மாதத்து நடுவில் ஒரு நாள் முற்பகல். சதுப்பில் வெட்டிய மண்கட்டிகளைக் காற்றுப்படும்படி கூம்பு கூம்பாக நிறுத்திவைக்கிற வேலை நடந்துகொண்டிருந்தது. வருஷம் முழுக்க அடுப்பெரிய அதுதான் விறகு. ஃபினோலாவும் ஃபெஸ்டியும் குனிந்து நிமிர்ந்து முதுகு ஒடிந்துகொண்டிருக்க, தூரத்தில் தையற்காரர் லாக்லின் ஓடிவருவது தெரிந்தது. லாக்லின் பெருத்த உடம்புக்காரர். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கே நடந்துதான் போவார். அவர் ஓடுகிறார் என்றால் ஒன்று வீடு எரிகிறது, இல்லை பிரெஞ்சுக்காரன் படையெடுத்து வந்துவிட்டான்.

“இந்தா புடி!” என்று புகைந்துகொண்டிருந்த ஒரு மண்கட்டித் துண்டை நீட்டினார். “மாதா அனுப்பின நெருப்பு. தெற்க எங்கயோ பீடத்து மேல மாதாவே வந்து நின்னாங்களாம். இதுல ஒரு துண்டு உன் கூரையில சொருகு. மிச்சத்த ஏழா உடைச்சு, இன்னும் கிடைக்காத ஏழு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடு. ஒவ்வொரு வீட்டுலயும் அஞ்சு பரலோக மந்திரம், அஞ்சு அருள்நிறை மந்திரம். அவங்களும் ஏழு வீட்டுக்கு ஓடணும். அந்த வீட்டுக்குள்ள பேதி நுழையாது.”

ஃபெஸ்டி கேட்டான்: “பொழுது சாயறதுக்குள்ளயா?”

“பொழுது சாயறதுக்குள்ள.”

ஃபினோலா கையிலிருந்த மண்கட்டியைப் போட்டுவிட்டு விசாரிக்க ஆரம்பித்தாள். எதையும் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு அவள் செய்ததில்லை. “ஏற்கெனவே வாங்கின வீட்டக் கணக்குல சேக்கலாமா?”

“கூடாது.”

“வழியில உக்காரலாமா?”

“உக்காரக்கூடாது, நிக்கக்கூடாது, திரும்பிப் பாக்கக்கூடாது. பச்சத்தண்ணி குடிக்கக்கூடாது.”

“நீங்க இப்ப நின்னுக்கிட்டுத்தான இருக்கீங்க?”

“குடுக்கறப்ப நிக்கலாம்” என்றார் லாக்லின், மூச்சு வாங்கியபடி. “அம்மா தாயே, எனக்கு இன்னும் நாலு வீடு பாக்கி கிடக்கு. என்னை விடு.”

ஃபெஸ்டி கையைத் துடைத்துக்கொண்டான். “நீ பிள்ளைங்ககிட்டப் போ. நான் ஓடறேன்.”

“நீ ஓடுவியா? மூணாவது வீட்டுல உக்காந்து புகையில பிடிப்ப. நாலாவது வீட்டுல சீட்டாடுவ. குடு இங்க.”

அவனை அனுப்பியிருக்கலாம் என்று அவள் பிற்காலத்தில் எத்தனை தடவை நினைத்தாளோ, கணக்கே இல்லை. அவன் போயிருந்தால் நின்றிருப்பான். நிற்காமல் ஒரு வாசலைத் தாண்ட ஃபெஸ்டிக்கு வராது.

வீட்டுக்கு ஓடினாள். கூரையில் ஒரு துண்டைச் செருகினாள், மந்திரம் சொன்னாள், பிள்ளைகளை ஃபெஸ்டியிடம் விட்டாள். ஒரு பழைய சட்டியில் ஏழு துண்டையும் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கொரக்லாஸில் எந்த வீட்டுக்குப் போனாலும் “எங்களுக்கு வந்தாச்சு” என்றார்கள். எல்லாக் கூரையிலிருந்தும் ஒரு நூல் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. சாலையெல்லாம் ஜனங்கள் தலைதெறிக்க ஓடினார்கள். எதிரெதிரே ஓடிவந்தவர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள்: அந்தப் பக்கத்து வீடுகளை இவன் முடித்துவிட்டானோ? சாக வேண்டாம் என்று ஒரு ஊரே இப்படி ஓடி நான் பார்த்ததில்லை, கேட்டதோடு சரி. சிரிப்பாகத்தான் இருந்திருக்கும், பின்னால் நடந்தது தெரியாதவர்களுக்கு.

வெளியூர் போக வேண்டுமானால் ஊனாவின் முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஊனாவின் கூரையிலும் புகை நூல். காலையிலேயே யாரோ அவளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஊனா கிளம்பவில்லை என்று வழியில் இரண்டு பேர் ஃபினோலாவிடம் புகார் சொன்னார்கள். “உங்க அக்கா வாங்கிச் சொருகிக்கிட்டு வீட்டுலயே கிடக்கறா. அவ ஓடாததால ஏழு வீட்டுக்குக் கிடைக்காமப் போகுது. பெரிய மனுஷி.” ஃபினோலாவுக்கு அவமானமாக இருந்தது. ரத்தம் கொதித்துக்கொண்டுதான் அந்த முனைக்கு வந்தாள்.

அரைக்கதவின் மேல் கைகள் இல்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“யாரு, ஃபினோலாவா? உன் காலடி எனக்குத் தெரியாதா. கொஞ்சம் நில்லுடி. ஒரு வாய் தண்ணி மொண்டு குடுத்துட்டுப் போயேன்.”

குரலில் ஏதாவது வித்தியாசம் இருந்ததா? அந்த ஒரு கேள்வியோடுதான் அவள் மீதி ஆயுளைக் கழித்தாள். இருந்தது என்று சில நாள் தோன்றும். என்றைக்கும் போலத்தான் இருந்தது என்று சில நாள் தோன்றும். வார்த்தைகள் என்னவோ வருஷக்கணக்காக அவள் கேட்ட அதே வார்த்தைகள்.

“வாங்கின நெருப்ப வச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல உனக்கு?” ஓடிக்கொண்டே கத்தினாள் ஃபினோலா. “இன்னிக்குமா உனக்கு ஆள் வேணும்? கிணறு உன் வாசல்லதான இருக்கு, நீயே மொண்டு குடி!”

“சரிடி” என்றது குரல். “வரும்போதாவது வா.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்களே.

முதல் வீடு கிடைக்கவே மூன்று மைல் ஆயிற்று. பாலத்தடியில் இரண்டு போலீஸ்காரர்கள் மறித்தார்கள். கலகத்துக்கு ஏதோ சங்கேதம் போகிறது என்று அவர்களுடைய அதிகாரிக்குச் சந்தேகம். காலையிலிருந்து நூறு பேரைப் பிடித்து நூறு சட்டியிலும் மண்கட்டியைத்தான் பார்த்திருந்தார்கள். “நீயுமா?” என்றான் ஒருவன் அலுப்போடு. நிற்கக்கூடாதே என்று அவள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டு பதில் சொன்னாள். விட்டுவிட்டார்கள். பிறகு இரண்டு, மூன்று, ஐந்து என்று வீடுகள். ஏரிக்கு அந்தப் பக்கம் ஆறாவது வீடு. ஏழாவதாக அகப்பட்டது ஒரு புராட்டஸ்டண்டு நெசவுக்காரர் வீடு. அவர் மனைவி, கையில் மாவோடு வெளியே வந்து, கதையைப் பொறுமையாகக் கேட்டாள்.

“எங்களுக்கு இதுல நம்பிக்கை கிடையாதும்மா” என்றாள். “ஆனா நீ இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்க. சொருகிட்டுப் போ. பேதி என்ன, எந்தக் கோயில்னு கேட்டுக்கிட்டா வரப்போகுது? உள்ள வா, மோர் குடி. உதடெல்லாம் வெடிச்சிருக்கு.”

ஃபினோலா மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு மந்திரத்தை முடித்தாள். ஏழு. மனசு லேசாயிற்று. பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று வாய்விட்டு அழுதாளாம்.

திரும்பும்போது ஓட வேண்டியதில்லை, நடந்தாள். ஜூன் மாதத்து வெளிச்சம் லேசில் போகாது. ஊனாவின் முனைக்கு அவள் வந்தபோது வானம் இன்னும் வெளுப்பாகத்தான் இருந்தது. அக்காவுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, நன்றாகத் திட்டிவிட்டும் போகலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் ஃபெஸ்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“உள்ள போகாத” என்றான்.

போனாள். ஊனா கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் கிடந்தாள். முகம் அவள் முகமாகவே இல்லை. கையெட்டும் தூரத்தில் வாளி கவிழ்ந்து கிடந்தது, உள்ளே உலர்ந்து. காலையில் சூரியன் ஏறும்போதே அவளுக்குப் பேதி கண்டுவிட்டது போலும். அன்றைக்கு அந்த வாசலைத் தாண்டி நாற்பது பேராவது ஓடினார்கள். எல்லோரையும் கூப்பிட்டிருக்கிறாள். ஒருவருக்கும் தப்பாகப் படவில்லை, ஊனா கூப்பிடாத நாள் எது?

காலராவுக்காகச் சர்க்கார் வைத்த கமிட்டியின் ஆட்கள் மறுநாள் காலையிலேயே தார் பூசிய சவப்பெட்டியோடு வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். வழக்கம்போல ராத்திரி முழுக்கச் சடலத்தோடு ஊர் கூடி உட்காரவில்லை. ஒப்பாரி இல்லை, ஒரு குவளை சாராயம் இல்லை, ஒரு கேலிக் கதை இல்லை. ஊரிலேயே அதிகப் பேரை உட்காரவைத்தவள் தனியாகப் போனாள்.

நவம்பரில் மைலர் திரும்பினார். சேதி அவருக்கு லிவர்பூலிலேயே கிடைத்துவிட்டது. நேராக ஃபினோலாவின் வீட்டுக்கு வந்து, ஈரக் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார். அக்கம்பக்கத்தவர்கள் ஆறேழு பேர் வந்து சுவரோரம் நின்றார்கள். தையற்காரர் லாக்லினும் இருந்தார்.

“யாரு கூட இருந்தா?” என்றார் மைலர். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஃபெஸ்டி அடுப்பைக் கிளறினான். வாழ்நாளில் ஒரு பொய் சொல்லாத ஃபினோலா வாயைத் திறந்தாள்.

“நான் இருந்தேன்.”

“தண்ணி கேட்டிருப்பாளே. அந்த நோவுல தாகம் தாங்காதுன்னு சொன்னாங்க.”

“கேட்டா. குடுத்தேன். தலையத் தூக்கி மடியில வச்சுக் குடுத்தேன்.”

“ஏதாவது சொன்னாளா?”

“உங்களத்தான் கேட்டா. அவரு வந்தா ஈரக் கோட்டோட உக்காருவாரு, கழட்டச் சொல்லுன்னா. சொல்லிட்டுச் சிரிச்சா. அப்புறம் தூங்கற மாதிரி போயிட்டா.”

மைலர் எழுந்து கோட்டைக் கழற்றி அடுப்போரம் தொங்கவிட்டார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சுவரோரம் நின்றவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அவரவர் ஓட்டமும் அல்லவா வெளியே வரும்? அந்தப் பொய் ஃபினோலாவுடையது. அதன் நிழலில் ஊரே ஒதுங்கிக்கொண்டது. எனக்கு இதில் கோபம்தான். ஆனால் அன்று அங்கே நான் நின்றிருந்தால் நானும் தரையைத்தான் பார்த்திருப்பேன்.

மைலர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஒவ்வொரு ஜூனிலும், இங்கிலாந்து கிளம்புவதைக்கூட அந்த நாளுக்காகத் தள்ளிப்போட்டுவிட்டு, ஃபினோலாவின் வீட்டுக்கு வந்து உட்காருவார். “சொல்லு.” அவள் சொல்லுவாள். அதே வார்த்தைகள், அதே வரிசை. மாற்றிச் சொல்ல அவளுக்கு வராதே. சந்தையிலும் சாராயக் கடையிலும் அவர் சொல்லித் திரிந்தார்: ஊரே உயிருக்குப் பயந்து ஓடினபோது என் மச்சினி ஏழு வீட்டையும் முடித்துவிட்டு, ஓடி வந்து என் பெண்டாட்டியை மடியில் போட்டுக்கொண்டாள்.

ஃபினோலா பங்குச் சாமியாரிடம் போய் அழுதாள். அவர் கண்டிப்பானவர். “மண்கட்டியோட ஓடினது முட்டாள்தனம், அத ஆண்டவர் மன்னிப்பாரு. பொய்ய நீதான் போய் உடைக்கணும். அந்த மனுஷன்கிட்ட உள்ளதச் சொல்லிட்டு வா, அப்புறம் பாவமன்னிப்பு தரேன்.” அவளால் முடியவில்லை. பத்து ஈஸ்டர் போயிற்று. பாவமன்னிப்புப் பெற்றவர்களுக்கு மட்டும் கொடுக்கிற அப்பமான நன்மையை வாங்க ஊரே வரிசையில் எழுந்து போகும்போது ஃபினோலா மட்டும் கோயிலின் கடைசித் தூணோரம் முழங்காலில் இருப்பாள். எந்த விதியையும் மீறாதவளுக்கு அது எப்படிப்பட்ட தண்டனை என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நடுவில் ஒரு சந்தை நாளில் வெளியூர்க்காரி ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்தபோது அந்த நெருப்போட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. “எங்க பக்கம் வழியில உக்காந்து சாப்பிட்டுட்டு ஓடினோமே” என்றாள் அவள். “நிக்கக்கூடாதுன்னா? அப்படி யாரும் சொல்லலியே.” ஃபினோலா நேராக லாக்லினிடம் போய்க் கேட்டாள். அவர் வெகுநேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

“நீ கேள்வி மேல கேள்வி கேட்ட” என்றார் கடைசியில். “எனக்கு மூச்சு வாங்குச்சு. எல்லாத்துக்கும் கூடாதுன்னுட்டேன்.”

அவள் திரும்பி வீட்டுக்கு நடந்தாள்.

1843 வசந்தத்தில் மைலர் கனடாவுக்குக் கிளம்பினார். ஸ்லைகோவில் கப்பல். ஐம்பது வயதாகிவிட்டது, இனித் திரும்பப்போவதில்லை. ஊர் எல்லைவரை எல்லோரும் வந்து அழுது திரும்பினார்கள். ஃபினோலா மட்டும் திரும்பாமல் கூடவே நடந்தாள். இரண்டு மைல் நடந்தும் வாய் வரவில்லை. கடைசியில் அவர் நின்று, “போதும் ஃபினோலா, திரும்பு. இருட்டறதுக்குள்ள வீடு சேரணும் நீ” என்றார்.

“அத்தான், நான் கூட இல்ல.”

“என்னது?”

“அக்கா சாகறப்ப நான் கூட இல்ல. தண்ணி கேட்டா. நீயே மொண்டு குடின்னு கத்திட்டு ஓடிட்டேன். திரும்பி வந்தப்ப செத்துக் கிடந்தா. உங்கள அவ ஒண்ணும் கேக்கல. சிரிக்கல. நான் சொன்னதெல்லாம் பொய். பத்து வருஷமாப் பொய்.”

மைலர் மூட்டையைக் கீழே வைத்தார். சாலையையும், வேலியையும், தன் கைகளையும் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்று நினைத்தாள்.

“ஃபினோலா” என்றார் மெதுவாக, “நான் போற இடத்துல எனக்குன்னு யாரும் கிடையாது. அங்க கொண்டுபோக என்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு. கப்பலேறப் போறவன்கிட்ட இதையா குடுத்தனுப்புவ?”

“சாமியாரு சொன்னாரு—”

“அவரு கிடக்கட்டும். நீ சொல்லிட்ட, சரி. என் காதுல விழல. இப்ப எப்பவும் சொல்றத ஒரு தடவ சொல்லு. கடைசித் தடவ.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டினாள். அவர் காத்துக்கொண்டு நின்றார். கடைசியில் சொன்னாள். தலையை மடியில் வைத்தது, தண்ணீர் கொடுத்தது, கோட்டைப் பற்றிக் கேட்டது, தூங்குவதுபோலப் போனது.

“ஒண்ண விட்டுட்ட” என்றார் மைலர். “கோட்டப் பத்திச் சொல்லிட்டுச் சிரிச்சான்னு வரும்.”

“சிரிச்சா” என்றாள் ஃபினோலா.

அவர் தலையை ஆட்டிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஸ்லைகோ சாலையில் நடந்தார். அந்த ஈஸ்டருக்குச் சாமியார் அவளுக்குப் பாவமன்னிப்புக் கொடுத்தார். அவளும் வரிசையில் போய் நன்மை வாங்கினாள். ஆனால் மன்னிக்க வேண்டியவர் மன்னிக்காமலே போய்விட்டார். மன்னிக்கும்படி ஏதும் நடந்ததாகவே அவர் ஒப்புக்கொள்ளவில்லை.